முதல் ஆட்ட நினைவும் வரலாற்றுச் சான்றும்: இங்கிலாந்துக் கால்பந்தாட்ட ஆதரவாளர்கள்

இங்கிலாந்துக் கால்பந்தாட்ட ஆதரவாளர்கள் தாம் முதன்முதலில் நேரில் கண்ட ஆட்டத்தை நினைவுகூரும்போது ஆட்டத்தினும் கூட்டத்தையே விரித்துரைப்பதுண்டு. நிக் ஹார்ன்பியின் ‘ஃபீவர் பிட்ச்’ (1992) இதற்குத் தக்க சான்று. 1968 செப்டம்பர் 14 அன்று, பதினோரு வயதில், தந்தையுடன் இலண்டன் ஹைபரி அரங்கில் அவர் கண்ட ஆட்டத்தில் ஆர்சனல் 1-0 என ஸ்டோக் சிட்டியை வென்றது. டெர்ரி நீலின் பெனால்டி உதையைக் கோர்டன் பேங்க்ஸ் தடுக்க, மீண்டு வந்த பந்தே கோலாயிற்று. இவ்வளவும் நாளிதழிலேயே கிடைக்கும். புகையிலை நெடி, வசைச்சொல், சுற்றிலும் ஆண்களே நிறைந்திருந்த நிலை, பணம் கொடுத்து வந்தும் வெறுப்போடு அமர்ந்திருந்தோர் ஆகியவற்றை நினைவே தருகிறது.

எனினும் இந்நினைவு 1968இல் எழுதப்பட்டதன்று. 1989இல் ஹில்ஸ்பரோ நெரிசல் 97 உயிர்களைப் பறித்தது. அதனை ஆராய்ந்த டெய்லர் அறிக்கை (1990) நின்று பார்க்கும் படிக்கட்டுகளை நீக்கப் பரிந்துரைத்தது. ஹைபரியின் வடக்குப் படிக்கட்டு இடிக்கப்பட்ட ஆண்டும் நூல் வெளிவந்த ஆண்டும் ஒன்றே. பெரியோர் தலைக்கு மேலாகச் சிறுவரை முன்வரிசைக்குக் கைமாற்றி அனுப்பிய வழக்கத்தை மூத்த ஆதரவாளர்கள் இனிமையாகவே நினைவுகூர்கின்றனர். அதே நெரிசலின் அச்சத்தை அறிய, 1946இல் போல்ட்டன் நகரின் பர்ண்டன் பார்க்கில் 33 பேர் இறந்ததைப் பற்றிய விசாரணை அறிக்கையையும் உடன்வைத்துப் படிக்க வேண்டியுள்ளது.