இரண்டரை அங்குல வட்டு

பழைய லேப்டாப்பை மலிவாக வாங்கி, ஹார்டு டிஸ்க்கை மட்டும் மாற்றி இன்னும் சில ஆண்டுகள் ஓட்டும் வழக்கம் ஓர் அளவை நம்பி வளர்ந்தது. சுமார் 70 மில்லிமீட்டர் அகலமும் 100 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட இரண்டரை அங்குல வட்டின் அளவு அது. அதற்கு முந்தைய லேப்டாப்புகளில் வட்டு ஒரு பெரும் சுமை. 1986-இல் வந்த தோஷிபா டி3100-இல் 10 மெகாபைட் ஹார்டு டிஸ்க் இருந்தது. ஆனால் அதன் பிளாஸ்மா திரைக்கும் வட்டுக்கும் சேர்த்து மின்சாரம் கொடுக்க பேட்டரியே இல்லை, சுவர் பிளக்கில் செருகினால்தான் ஓடும். 1988-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த பிரெய்ரிடெக் நிறுவனம் 20 மெகாபைட் கொள்ளளவில் முதல் இரண்டரை அங்குல வட்டைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளிலேயே அந்த நிறுவனம் நொடித்துப்போனது. அளவு மட்டும் நிலைத்தது. தோஷிபா, ஐபிஎம், ஹிட்டாச்சி, சீகேட் என எல்லோரும் அதையே பின்பற்றினார்கள். திருகாணித் துளைகள்கூட ஒரே இடத்தில் அமைந்தன. ஒரு கம்பெனியின் வட்டு இன்னொரு கம்பெனியின் லேப்டாப்பில் பொருந்தியது. பின்னாளில் வந்த பழைய லேப்டாப் வியாபாரத்துக்கு இதுதான் அஸ்திவாரம்.

தடிமன் மட்டும் குறைந்துகொண்டே வந்தது: 19 மில்லிமீட்டரில் தொடங்கி 12.7, 9.5, பிறகு 7. மெல்லிய வட்டு தடித்த இடத்தில் உட்காரும், தடித்தது மெல்லிய இடத்தில் உட்காராது. அதனால் காலம் எப்போதும் பழைய மெஷின் பக்கமே நின்றது.

ஆனால் இடம் பொருந்தியதும் வேலை முடிந்துவிடவில்லை. 1990-களின் முற்பகுதியில் விற்ற கணினிகளில், மெஷினைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ், 1,024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் என்ற கணக்குக்கு மேல் எண்ணாது. ஒரு செக்டருக்கு 512 பைட் என்று பெருக்கினால் 528 மெகாபைட். அதைவிடப் பெரிய வட்டைப் போட்டால் மிச்ச இடம் கண்ணுக்கே தெரியாது. சில மெஷின்கள் வட்டைப் பார்த்ததும் அப்படியே உறைந்து நிற்கும். டிஸ்க் மேனேஜர் போன்ற மென்பொருளை வட்டின் தொடக்கத்தில் எழுதி இந்தத் தடையைத் தாண்டினார்கள். அடுத்து 8.4 ஜிபியில் ஒரு தடை, பிறகு 137 ஜிபியில் ஒன்று. கடைசியாகச் சொன்னது 28 பிட் முகவரியின் எல்லை. 2002-இல் வந்த 48 பிட் முறைதான் அதை உடைத்தது. விண்டோஸ் எக்ஸ்பியும் முதல் சர்வீஸ் பேக்குக்குப் பிறகே அதைப் புரிந்துகொண்டது. அந்நாளில் பழைய லேப்டாப் வாங்குபவர், பயாஸ் எந்த ஆண்டுக்குரியது என்று பார்க்காமல் பெரிய வட்டுக்குப் பணம் கொடுத்தால் நஷ்டம்தான்.

2003-இல் சாட்டா இணைப்பு வந்தது இந்த வரலாற்றின் பெரிய திருப்பம். அதுவரை லேப்டாப் வட்டுக்கு 44 ஊசிகள் கொண்ட தனி இணைப்பு. டெஸ்க்டாப் வட்டுக்கு வேறு. சாட்டாவில் இரண்டுக்கும் ஒரே வாய். 2006 வாக்கில் புதிய லேப்டாப்புகள் பெரும்பாலும் இதற்கு மாறிவிட்டன. பழைய 44 ஊசி வட்டுகளின் வளர்ச்சி 320 ஜிபியோடு நின்றுபோனது.

இதே ஆண்டுகளில்தான் சென்னையில் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒரு தொழிலாக வளர்ந்தது. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவும் நரசிங்கபுரம் தெருவும் ரேடியோ, டிவி உதிரிபாகங்களில் தொடங்கி, 1990-களில் அசெம்பிள் செய்த கணினிகளின் சந்தையாக ஆகியிருந்தன. 2000-இல் டைடல் பார்க் திறந்தது. பழைய மகாபலிபுரம் சாலை நெடுக ஐடி கம்பெனிகள் வந்தன. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை லேப்டாப்பை மாற்றுவது கம்பெனிகளின் நடைமுறை. கழித்துக்கட்டியவை மொத்தமாக ஏலம் போய், தெருக் கடைகளில் திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் என்று அடுக்கப்பட்டன. இவை அலுவலகத்துக்கென்றே உழைக்கக் கட்டியவை. புதிதாக வரும் மலிவு லேப்டாப்பைவிட இவற்றின் கீலும் கீபோர்டும் உறுதி. வட்டு மட்டும் ஓடி ஓடித் தேய்ந்திருக்கும். விவரம் தெரிந்தவர், வட்டு தன்னைப் பற்றியே எழுதிவைக்கும் ஸ்மார்ட் பதிவைத் திறந்து, வட்டு எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்கள் எத்தனை என்று பார்த்த பிறகே விலை பேசுவார்.

2011 அக்டோபரில் தாய்லாந்து வெள்ளம் ஹார்டு டிஸ்க் விலையை உலகெங்கும் ஏற்றியது. பாங் பா-இன்னில் இருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் தொழிற்சாலை நீரில் மூழ்கியது. அதற்குள், சுழலும் தட்டுக்குப் பதில் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டி வந்திருந்தது: 2008-இல் இன்டெல் வெளியிட்ட 80 ஜிபி எக்ஸ்25-எம்மின் விலை 595 டாலர். பழைய லேப்டாப் வாங்குபவரின் கை எட்டும் விலை அல்ல அது. அடுத்த சில ஆண்டுகளில் விலை சரியச் சரிய நிலைமை தலைகீழானது. நிமிடத்துக்கு 5,400 சுற்று சுழலும் வட்டு ஒரு முழுச் சுற்றுக்கு 11 மில்லிவினாடி எடுக்கும். சிதறிக் கிடக்கும் கோப்புகளை நொடிக்கு நூறு முறைகூட எட்டிப் படிக்காது. எஸ்எஸ்டிக்குச் சுழற்சியே இல்லை. ஐந்தாறு ஆண்டு பழைய மெஷினிலும் விண்டோஸ் சில நொடிகளில் திறந்தது. ஒரு பொருளைக் கழற்றி இன்னொன்றை வைப்பதில் இவ்வளவு பலன் தந்த மாற்றம் லேப்டாப் வரலாற்றில் வேறில்லை.

கடை மேசையில் வேலை சிறியது. பேட்டரியைக் கழற்றி, அடிமூடியில் ஒன்றிரண்டு திருகாணிகளை எடுத்தால் வட்டு தெரியும். அதைப் பக்கவாட்டில் இழுத்து, அதைத் தாங்கும் தகட்டையும் நான்கு சிறு திருகாணிகளையும் புதியதற்கு மாற்ற வேண்டும். எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர், இடம் 9.5 என்றால் இரண்டரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் சட்டம் ஒன்றை ஒட்டுவார்கள். பழைய வட்டையும் வீணாக்குவதில்லை. டிவிடி டிரைவைக் கழற்றிய இடத்தில் கேடி என்னும் சட்டத்தில் வைத்துப் படங்களுக்கும் பாட்டுகளுக்கும் ஒதுக்குவார்கள், அல்லது யுஎஸ்பி பெட்டிக்குள் போடுவார்கள். 2011 செப்டம்பர் 15 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா லேப்டாப்புகளும் இந்த மேசைக்கு வந்தன.

விற்பவர் கவலைப்பட வேண்டிய ஒன்றும் உண்டு: பழைய வட்டில் எஞ்சியிருக்கும் தகவல். எம்ஐடியைச் சேர்ந்த கார்ஃபிங்கலும் ஷெலட்டும் 2000 முதல் 2002 வரை 158 பழைய வட்டுகளை வாங்கிச் சோதித்து 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்த 129-இல் தகவல் முறையாக அழிக்கப்பட்டிருந்தவை 12. ஒன்று ஏடிஎம் இயந்திரத்திலிருந்து வந்ததாகத் தெரிந்தது. அதில் அட்டை எண்கள் அப்படியே இருந்தன.

இரண்டரை அங்குல இடம் பிறகு மெல்ல மறையத் தொடங்கியது. ஒல்லியான லேப்டாப்புகளில் எம்.2 என்னும் சிறு பலகை அதன் இடத்தைப் பிடித்தது. அதுவாவது கழற்றக்கூடியது. மலிவான பல மாடல்களில் சேமிப்பகச் சில்லு போர்டிலேயே பற்றவைக்கப்படுகிறது; 2016-இன் டச் பார் மேக்புக் ப்ரோவிலும் அப்படித்தான். போர்டு போனால் கோப்புகளும் போகும். இடம் போதவில்லை என்றால் வேறு லேப்டாப்தான் வாங்க வேண்டும். வாங்குபவரிடமிருந்து பறித்த உரிமை என்றே இதைச் சொல்ல வேண்டும்.

2021-இல் வந்த விண்டோஸ் 11, இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சில்லுகளில் பெரும்பாலானவற்றை ஏற்கவில்லை. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. இப்படி ஒதுக்கப்பட்ட மெஷின்களில் பல, கழற்றக்கூடிய வட்டு உள்ளவை. ஒரு எஸ்எஸ்டியும் லினக்ஸும் போட்டால் அவை படிப்புக்கும் கணக்கெழுதவும் இன்றும் போதும்.