இரண்டாவது குறி யாருடையது? ஈதர்நெட் சட்டகத்தின் வரலாற்றில் ஒரு பக்கம்

திருவனந்தபுரத்தில் பழைய வீடுகளின் மதிலில் இரண்டு விதமான அடையாளங்களைக் காணலாம். ஒன்று, குடும்பம் தனக்குத் தானே இட்டுக்கொண்ட வீட்டுப்பெயர். மற்றொன்று, ‘டி.சி.’ என்று தொடங்கி, சாய்கோட்டின் இருபுறமும் எண் தாங்கி நிற்கும் மாநகராட்சிக் கதவெண். கோட்டுக்கு முன்னால் இருப்பது வார்டு. பின்னால் இருப்பது வீடு. வார்டு எல்லைகள் மாறும்போது இந்த எண்ணும் மாறும். வீட்டுப்பெயர் மாறுவதில்லை; அதை மாற்றும் அதிகாரம் மாநகராட்சிக்கு இல்லை.

இந்த இரு அடையாளங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு, கணினிப் பிணையங்களின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தியைப் பார்க்க விரும்புகிறேன். பிணையப் பொறியியல் மாணவர்கள் அதைக் ‘கியூ-இன்-கியூ’ என்று அறிவார்கள்: ஒரே ஈதர்நெட் சட்டகத்தின்மீது இரண்டு வி-லேன் குறிகளை ஒன்றன்முன் ஒன்றாக இடும் முறை. பாடநூல்கள் இதற்கு ஒரே காரணம் சொல்கின்றன: 4094 எண்கள் போதவில்லை, எனவே பெருக்கிக்கொண்டார்கள். இந்த விளக்கம் பிழையன்று, ஆனால் பாதிதான். எண்ணிக்கையைவிட உரிமையே இதில் முதன்மையானது என்பது என் வாதம். யாருடைய எண்ணை யார் படிக்கலாம், யார் மாற்றலாம் என்ற கேள்விக்குக் கிடைத்த விடைதான் இரண்டாவது குறி. அந்த விடையும் பின்னர் தன் பொருளை மாற்றிக்கொண்டது.

முதல் குறியிலிருந்து தொடங்குவோம். 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் உருவாக்கிய ஈதர்நெட், ஓர் அலுவலகத்திற்குள் கணினிகளை இணைப்பதற்கானது. ஒருவர் பேசினால் அனைவருக்கும் கேட்கும் ஒற்றைக் கூடம் அது. பல கூடங்களை இணைத்தால் செய்தி சுழன்றுகொண்டே இருக்கும். அதைத் தடுக்கும் கிளைமர வழிமுறையை ரேடியா பெர்ல்மன் 1985இல் வெளியிட்டார். ஆனால் மரம் என்றால் ஒரு வேர் உண்டு. போக்குவரத்தெல்லாம் வேரை நோக்கிக் குவியும்.

இந்த நெரிசலைத் தீர்க்க முயன்றவர் டபிள்யூ. டேவிட் சின்கோஸ்கி. அவர் பணியாற்றிய பெல்கோர், அமெரிக்கத் தொலைபேசிப் பேரரசு 1984இல் உடைக்கப்பட்டபோது பிறந்த ஆய்வகம். ஒவ்வொரு சட்டகத்திற்கும் ஒரு நிறம் கொடுத்துவிடலாம்; சிவப்புக்கு ஒரு மரம், பச்சைக்கு ஒரு மரம், நீலத்திற்கு ஒரு மரம் என வகுத்தால் சுமை பகிரப்படும் என்பது அவருடைய யோசனை. சேஸ் காட்டனுடன் சேர்ந்து 1988இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ‘பெரிய பிணையங்கள்’ என்ற சொல் இருக்கிறது. வரலாற்று மாணவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். வி-லேன் என்ற எண்ணம் பிறந்தது அலுவலகத்தில் அன்று, தொலைபேசி உலகில். அதன் நோக்கம் பிரிப்பதன்று, பெருக்குவது.

அந்த எண்ணத்தைத் தொண்ணூறுகளில் அலுவலகங்கள் எடுத்துக்கொண்டன. கணக்குப் பிரிவு ஒரு வி-லேன், ஆய்வகம் இன்னொன்று என்று ஒரே சுவிட்சைப் பல சுவிட்சுகளாகப் பாவிக்கும் உத்தியாக அது சுருங்கியது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தது. சிஸ்கோவின் ஐ.எஸ்.எல். முறை, சட்டகம் முழுவதையும் 30 பைட் கூடுதல் உறையில் பொதிந்தது. 1998இல் வந்த ஐ.ஈ.ஈ.ஈ. 802.1கியூ தரநிலை உறையைக் கைவிட்டு, சட்டகத்தின் உள்ளேயே அனுப்புநர் முகவரிக்கு அடுத்து நான்கு பைட்டுகளைச் செருகியது. அவற்றில் முதல் இரண்டு பைட், ‘இங்கே ஒரு குறி இருக்கிறது’ என்று அறிவிக்கும் 8100 என்ற பதினாறடிமான எண். மீதமுள்ள 16 பிட்டில் மூன்று முன்னுரிமைக்கு; ஒன்று டோக்கன் ரிங் முதலிய பழைய பிணையங்களோடு ஒத்துப்போவதற்கு; எஞ்சிய 12 பிட் வி-லேன் எண்ணுக்கு. 4096 மதிப்புகளில் முதலும் கடைசியும் ஒதுக்கப்பட, 4094 கிடைத்தன. ஒரு வளாகத்திற்கு இது தாராளம். ஒரு நகரத்திற்கு?

2000ஆம் ஆண்டையொட்டி அந்தக் கேள்வி எழுந்துவிட்டது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நகரங்களுக்குள் கண்ணாடியிழை வழியாக ஈதர்நெட்டையே வாடகைக்கு விடத் தொடங்கின. பிறந்த வீட்டுக்குத் திரும்பிய வி-லேன், அங்கே தன் உருவம் சிறுத்துப்போயிருப்பதைக் கண்டது.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். பாளையத்தில் தலைமை அலுவலகமும் காரியவட்டத்தில் வளாகமும் உள்ள ஒரு கல்வி நிறுவனம், இரண்டையும் இணைக்க ஒரு சேவை நிறுவனத்தை நாடுகிறது. அதன் நூலகம் வி-லேன் 10, தேர்வுப் பிரிவு 20. அதே இழையில் இணைப்புக் கேட்கும் மருத்துவமனை ஒன்றும் 10, 20 என்ற எண்களையே வைத்திருக்கிறது. சின்ன எண்களில் தொடங்குவதுதானே மனித இயல்பு! சேவை நிறுவனம் யாரை எண் மாற்றச் சொல்லும்? எண்ணிக்கை தீர்வதற்கு வெகு முன்பே, இரண்டாவது வாடிக்கையாளரிடமே சிக்கல் வந்துவிடுகிறது. ஆகவேதான் இதனை எண்ணிக்கைச் சிக்கல் மட்டுமாகக் காண்பது போதாது என்கிறேன்.

தீர்வு எளிது. வாடிக்கையாளரின் குறியைத் தொடாதே. அதன் முன்னால் உன் குறியை இடு. கல்வி நிறுவனத்திற்கு 205, மருத்துவமனைக்கு 206. சட்டகம் நகரைக் கடக்கும்போது வெளிக்குறியை மட்டும் படி; மறுமுனையில் அதைக் கழற்றிவிடு. சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் சுவிட்சுகளில் இதற்கான கட்டமைப்பு இரண்டே வரிகள். வாடிக்கையாளரை நோக்கிய போர்ட்டுக்கு 205 என்ற அணுகல் வி-லேனைக் கொடுக்க வேண்டும். பின் அதன் முறைமையை ‘டாட்1கியூ-டனல்’ என அமைக்க வேண்டும். நுட்பம் எங்கே இருக்கிறதென்றால், கம்பியின் ஒரு முனையில் வாடிக்கையாளரின் சுவிட்ச் குறியிட்டு அனுப்பும் டிரங்க் போர்ட்டாக நிற்கிறது. மறுமுனையிலுள்ள சேவை நிறுவனத்தின் சுவிட்ச், வருவது குறியே இல்லாத வெறும் சட்டகம் என்பதுபோல் நடந்துகொள்கிறது. கையேடுகள் இதைச் சமச்சீரற்ற இணைப்பு என்று அழைக்கின்றன. படிக்கத் தெரிந்த கருவி படிக்காமல் இருக்கும்படி பணிக்கப்படுகிறது. அந்த ‘டனல்’ என்ற சொல்லின் முழுப் பொருளும் அந்தப் படிக்காமையே.

இங்கே மொழியியல் பயின்றவர்களுக்கு ஒரு சுவையான இடம் இருக்கிறது. சிஸ்கோவின் தொடக்ககால முறையில் உள்குறி, வெளிக்குறி இரண்டையும் அறிவிக்கும் எண் ஒன்றே: 8100. எது யாருடையது என்பது வரிசையால் மட்டுமே தெரியும். ஆங்கிலத்தில் எழுவாயும் செயப்படுபொருளும் சொல்வரிசையால் வேறுபடுவதைப் போன்றது இது. வேறு சில நிறுவனங்கள் வெளிக்குறிக்கு 9100, 9200 என்று தனித்த அறிவிப்பெண்களை வைத்துக்கொண்டன. 2005 இறுதியில் ஏற்கப்பட்டு 2006இல் வெளியான 802.1ஏடி தரநிலை, வெளிக்குறிக்கு 88ஏ8 என்ற தனி எண்ணை விதித்து, உருபால் வேறுபடுத்தும் வழியைத் தேர்ந்தது. ஆனால் தரநிலை வருவதற்குள் கருவிகள் ஊரெங்கும் ஓடத் தொடங்கியிருந்தன. அதனால் இன்றும் இரு நிறுவனங்களின் கருவிகளை இணைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ‘வெளிக்குறியின் அறிவிப்பெண் எது?’ என்பதாகவே இருக்கிறது. ஒருபுறம் 88ஏ8, மறுபுறம் 8100 என்றிருந்தால் பெறும் சுவிட்ச் அந்தக் குறியைக் குறியாகவே அறிவதில்லை. இணைப்பு விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருக்கும்; செய்தி மட்டும் போய்ச் சேராது.

குறியின் உள்ளேயும் ஒரு பொருள்மாற்றம் நிகழ்ந்தது. டோக்கன் ரிங்குக்காக வைக்கப்பட்ட அந்த ஒற்றைப் பிட், 802.1ஏடியின் வெளிக்குறியில், நெரிசல் நேரத்தில் இந்தச் சட்டகத்தை முதலில் கைவிடலாம் என்று சொல்லும் பிட்டாக ஆனது. வடிவம் அதே இடத்தில் இருக்க, பொருள் இடம்பெயர்ந்தது. சிஸ்கோ சுவிட்சில் வி-லேன் பட்டியலைக் கேட்டுப்பார்த்தவர்கள் 1002 முதல் 1005 வரையிலான எண்கள் எஃப்.டி.டி.ஐ.க்கும் டோக்கன் ரிங்குக்கும் ஒதுக்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பார்கள். பேசுவோர் இல்லாமற்போன மொழியொன்று ஊர்ப்பெயர்களில் மட்டும் எஞ்சியிருப்பதை இது எனக்கு நினைவூட்டும்.

இனி, இந்த ஏற்பாடு தவறும் இடம். தமிழ் இலக்கணம் எழுவாய் வேற்றுமைக்கு உருபு இல்லை என்கிறது. உருபின்மையே அதன் அடையாளம். 802.1கியூவிலும் இப்படியொரு வெறுமை உண்டு. டிரங்க் இணைப்பில் ஒரு வி-லேன் மட்டும் குறியின்றியே செல்லலாம். அதனை நேட்டிவ் வி-லேன் என்பர். பழைய, குறியறியாத கருவிகளோடு ஒத்துப்போகச் செய்த சலுகை இது. நம் எடுத்துக்காட்டில், சேவை நிறுவனம் தன் உள்வழி டிரங்கின் நேட்டிவ் எண்ணையும் தற்செயலாக 205 என்றே வைத்திருந்தால் என்ன ஆகும்? 205 நேட்டிவ் ஆனதால் வெளிக்குறி இடப்படாது. அடுத்த சுவிட்ச் முதலில் காணும் குறி, கல்வி நிறுவனத்தின் உள்குறியாகிய 20. அதைச் சேவை நிறுவனத்தின் எண்ணென்று எண்ணி, 20 என்ற எண்ணுக்குரிய யாரோ ஒருவரின் பிணையத்தில் தேர்வுப் பிரிவின் சட்டகத்தை அது கொண்டுபோய்ச் சேர்க்கும். இரட்டைக் குறியிட்டு அடுத்தவர் வி-லேனுக்குள் சட்டகத்தைச் செலுத்தும் தாக்குதலும் இதே வெறுமையைத்தான் பயன்படுத்துகிறது. மறுமொழி திரும்பி வராது என்பது மட்டுமே அதன் வரம்பு. தீர்வாக, நேட்டிவ் வி-லேனுக்கும் கட்டாயம் குறியிடும்படி உள்சுவிட்சுகளுக்கு ஆணையிடலாம். அல்லது எந்த வாடிக்கையாளருக்கும் தராத எண்ணை நேட்டிவ் எண்ணாக வைக்கலாம். இரண்டையும் செய்வோர் உண்டு, அதுவே நல்லது.

இன்னொரு தவறு அளவு பற்றியது. குறியற்ற சட்டகத்தின் உச்ச அளவு 1518 பைட், ஒரு குறியோடு 1522, இரண்டோடு 1526. உள்வழியில் எங்காவது ஒரு சுவிட்ச் பழைய அளவையே அறிந்திருந்தால் பெரிய சட்டகங்கள் ஓசையின்றிக் கைவிடப்படும். பிங் ஓடும், கடவுச்சொற் பக்கம் திறக்கும், கோப்பு மட்டும் பாதியில் நிற்கும். பழைய கேட்டலிஸ்ட் வகைகளில் அளவை 1504 எனக் கூட்டிய பின் சுவிட்சையே மறுதொடக்கம் செய்ய வேண்டியிருந்தது. நான்கு பைட்டுக்காக இணைப்பைச் சில நிமிடம் நிறுத்த எந்த அலுவலகமும் எளிதில் அனுமதிப்பதில்லை.

கிளைமரச் செய்திகளுக்கும் இதே எல்லைக் கோடு போட வேண்டியிருந்தது. வாடிக்கையாளரின் மரம் வேறு, சேவை நிறுவனத்தின் மரம் வேறு. 802.1ஏடி, சேவை நிறுவனத்தின் கிளைமரச் செய்திகளுக்குத் தனி முகவரி தந்தது. பழைய முகவரியின் இறுதி எண் 00 என்பது 08 ஆனது, அவ்வளவே. அதனால் வாடிக்கையாளரின் செய்தி சாதாரணத் தரவைப்போல ஊடே கடந்து செல்கிறது.

இதுவரை சொன்னது வீட்டுப்பெயரின் கதை. உள்குறி வாடிக்கையாளர் இட்டது; வெளியார் அதைப் படிப்பதில்லை. 2006 ஏப்ரலில் டி.எஸ்.எல். மன்றம் வெளியிட்ட டி.ஆர்-101 என்ற ஆவணம் வேறொரு கதையைத் தொடங்கிவைத்தது. வீடுகளுக்கு அகன்ற அலைவரிசை செல்லத் தொடங்கிய காலம் அது, இந்தியாவில் பி.எஸ்.என்.எல். ‘டேட்டாஒன்’ சேவையை 2005 ஜனவரியில் தொடங்கியிருந்தது. டி.ஆர்-101 விவரித்த முறைகளுள் ஒன்றில், சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் தனி வி-லேன். வெளிக்குறி தெருமுனைக் கருவியைக் குறிக்கும். உள்குறி அந்தக் கருவியில் அவருடைய கம்பியைக் குறிக்கும். 4094ஐ 4094ஆல் பெருக்கினால் 1,67,60,836. பாடநூலின் பெருக்கல் கணக்கு உண்மையில் பொருந்துவது இங்கேதான். ஆனால் இங்கே இரண்டு குறிகளும் சேவை நிறுவனம் இடுபவை. வீட்டு மோடத்திலிருந்து புறப்படும் சட்டகத்தில் குறியே இல்லாமல் இருக்கலாம். தன்மீது இரண்டு எண்கள் ஏறுவது வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டியதில்லை. மையத்திலுள்ள கருவி இரண்டையும் படித்து, இது எந்தக் கம்பி, எந்தச் சந்தா என்று அறிந்துகொள்கிறது. டி.சி. கதவெண்ணின் இலக்கணம் இது.

802.1ஏடியும் டி.ஆர்-101உம் வெளியானது ஒரே ஆண்டின் கோடைக்கு அருகில். சட்டகத்தின் தோற்றத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே: முகவரிகள், ஒரு குறி, இன்னொரு குறி, உள்ளடக்கம். ஒன்றில் உள்குறி ‘படிக்காதே’ என்கிறது. மற்றொன்றில் ‘இவரைப் படி’ என்கிறது. தொழில்நுட்ப வரலாறுகள் வடிவத்தின் தொடர்ச்சியை மட்டும் எழுதுவதால் இந்தப் பிளவு கண்ணில் படுவதில்லை என்பது என் மனக்குறை. பின்னர் 2008இல் 802.1ஏஎச், 2014இல் விஎக்ஸ்லேன் என 24 பிட் அடையாளங்கள் வந்தன. அவை தனிக் கட்டுரைக்கு உரியவை.

கேரளத்தில் இந்தக் கேள்வி பழங்கதை அன்று. 2023 ஜூன் 5 அன்று தொடங்கிவைக்கப்பட்ட கே-ஃபோன் திட்டம், மாநில மின்வாரியத்தின் கோபுரங்களிலும் கம்பங்களிலும் கண்ணாடியிழையைக் கொண்டுசெல்கிறது. ஏறத்தாழ 30,000 அரசு நிறுவனங்களை இணைப்பதும், 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்குக் கட்டணமின்றி இணையம் தருவதும் அதன் இலக்குகள். அலுவலகங்களுக்குத் தம் உள்வரிசை எண்களைத் தாமே வைத்துக்கொள்ளும் இணைப்பு வேண்டும். வீடுகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கணக்கில் வைக்கும் இணைப்பும் வேண்டும். இப்படிப்பட்ட பொதுப் பிணையம் எதுவாயினும், அதன் கட்டமைப்புக் கோப்பில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் யாரோ ஒருவர் முடிவு செய்திருப்பார்: இந்தப் பக்கத்திலிருந்து வரும் உள்குறியை நாம் இடுகிறோமா, அவர்களுடையதாகவே விட்டுவிடுகிறோமா என்று. அடுத்த மாற்றத்தின்போது அந்தக் கோப்பு மேலெழுதப்படும். நாளை இந்த வரலாற்றை எழுத வருபவருக்கு நாம் வைத்துப்போகும் சுவடி அது ஒன்றே. அதன் பழைய படிகளை எந்த ஆவணக்காப்பகமும் கேட்டு வாங்குவதாக நான் அறியேன்.