நெட்டை பிவட்டும் நம் கல்லூரி மைதானமும்

மலர்க் குழுத் தம்பிகள் வீட்டுக்கு வந்து, "அண்ணே, நம்ம காலேஜ் பாஸ்கெட்பால் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். எந்த ஆண்டு யார் எந்தக் கோப்பை வாங்கினார்கள் என்று எழுத என் ஞாபகசக்தி போதாது. கோப்பைகளும் அப்படி ஒன்றும் அதிகமில்லை என்பது வேறு விஷயம். ஆகவே, எங்கள் காலத்தில் எங்களைத் தூங்கவிடாமல் செய்த ஒரே ஒரு பிரச்சினையின் சரித்திரத்தை எழுதுகிறேன். எதிரணியில் ஆறரை அடி உயரத்தில் ஒருவன் ரிங்குக்குக் கீழே வந்து நின்றுவிட்டால், ஐந்தரை அடிக்காரர்கள் என்ன செய்வது?

இந்தக் கேள்வி நம் கடலூர் – சிதம்பரம் பக்கத்துப் பையன்களுக்கு மட்டும் வந்ததல்ல. ஆட்டம் பிறந்த கொஞ்ச காலத்திலேயே பிறந்துவிட்டது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பீச் பழக் கூடைகளைப் பத்தடி உயரத்தில் ஆணியடித்து மாட்டினார். அந்தப் பத்தடி இன்றுவரை மாறவில்லை. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் இருக்கிறதே, அதுதான். அங்கே படித்துவிட்டு வந்தவர் எங்கள் பி.டி. சார். நெய்ஸ்மித்திடமிருந்து எங்கள் செம்மண் கோர்ட்டுக்கு இரண்டே தாவல்தான் என்று அவர் பெருமையாகச் சொல்வார்.

'சென்டர்' என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா? அந்தக் காலத்தில் ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் பந்தை மைதானத்தின் நடுவே கொண்டுபோய், இரண்டு பேருக்கு இடையில் மேலே தூக்கிப் போடுவார்கள். நடுவில் குதிப்பவன் சென்டர். நெட்டையாக ஒருவன் கிடைத்துவிட்டால் கூடை போட்டவர்களுக்கே மறுபடியும் பந்து! 1937-இல் அமெரிக்காவில் அந்த வழக்கத்தை எடுத்துவிட்டார்கள். வேலை போனாலும் பெயர் நின்றுவிட்டது. நெட்டையர் மட்டும் சும்மா இருப்பாரா? ரிங்கடிக்கு வந்து குடியேறிவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தால், நெட்டையர்களை நிறுத்தப் பயிற்சியாளர்களைவிட விதி எழுதுகிறவர்கள்தான் அதிகம் மெனக்கெட்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. ஜார்ஜ் மைக்கன் ஆறடி பத்தங்குலம். பாப் கர்லண்ட் ஏழடி. கூடைக்குள் இறங்கப்போகிற பந்தை இவர்கள் கையால் தட்டிவிட்டதால், 1944-இல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் அதைத் தடை செய்தார்கள். மைக்கன் மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணிக்குப் போனதும் ரிங்குக்கு முன்னால் உள்ள கட்டத்தை ஆறடியிலிருந்து பன்னிரண்டு அடியாக அகலப்படுத்தினார்கள், 1951-இல். அந்தக் கட்டத்துக்குள் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது அல்லவா? கட்டம் அகலமானால் அவர் தள்ளிப் போய் நின்றுதான் பந்து வாங்க வேண்டும். பிறகு வில்ட் சேம்பர்லின் வந்தார். 1962 மார்ச் 2-ஆம் தேதி ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தார். 1964-இல் கட்டம் பதினாறு அடியாயிற்று.

ஆனால் எனக்குப் பிடித்த கதை 1950 நவம்பர் 22-இல் நடந்த ஆட்டம். ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணியினர் மைக்கனைத் தடுக்க ஒரு வழிதான் கண்டார்கள்: பந்தையே கொடுப்பதில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள், தங்களுக்குள் போட்டுக்கொண்டார்கள், மறுபடி நின்றார்கள். முடிவில் 19-க்கு 18 என்று பிஸ்டன்ஸ் வென்றது. லேக்கர்ஸின் பதினெட்டில் பதினைந்து மைக்கன் எடுத்தது! அப்படியும் ஒரு புள்ளியில் தோற்றார். பார்க்க வந்த ஜனங்கள் கொதித்துப் போனார்கள். இப்படிப்பட்ட ஆட்டங்களால்தான் 1954-இல் இருபத்துநாலு விநாடிக்குள் எறிய வேண்டும் என்ற விதி அங்கே வந்தது.

1977-இல் பி.டி. சார் இந்தக் கதையைச் சொன்னதும் எங்களுக்கு ஒரே உற்சாகம். "நாமளும் அப்படியே வச்சிக்கிட்டு நிப்போம் சார்!" என்றோம். "முட்டாப் பசங்களா, நமக்கு இருபது வருஷமா முப்பது செகண்ட் ரூல் இருக்குடா" என்றார். உண்மைதான். உலக சம்மேளனம் 1956-இலேயே அதைக் கொண்டுவந்துவிட்டது. எங்கள் ஊர் ஆட்டங்களில் அதற்குத் தனிக் கடிகாரம் ஏது? ஸ்கோரர் மேசையில் யாராவது கழற்றி வைத்த கைக்கடிகாரம்தான்.

எங்களுக்கு அந்த உற்சாகம் ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும். அந்த வருடம் ஒரு வெளியூர் அணி வந்து, எங்களை எங்கள் மைதானத்திலேயே அடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. அவர்கள் பிவட் ஆறடி ஐந்தங்குலம். எங்கள் பிவட் ஐந்தடி எட்டங்குலம், என் விடுதி அறைத் தோழன். அவன் பின்னால் நின்று கையைத் தூக்கித் தூக்கிக் குதித்தான். அந்த மனுஷன் திரும்பிப் பார்க்காமலே போட்டுவிட்டுப் போனார். இரண்டு மாதத்தில் சிதம்பரத்தில் மறுபடியும் அவர்களோடு ஆட்டம்.

சார் முதலில் சொன்னது எங்களுக்குப் புரியவே இல்லை. "அவன் ஷாட்டைத் தடுக்காதீங்கடா, உங்களால முடியாது. அவனுக்கு வர்ற பாஸைத் தடுங்க." அதாவது, பின்னால் நிற்காமல் பிவட்டுக்கு முன்னால் போய் நிற்பது. பந்து வைத்திருப்பவனுக்கும் பிவட்டுக்கும் நடுவே நம் உடம்பு. அப்போது அவர்களுக்கு ஒரே வழி, தலைக்கு மேலே தூக்கிப் போடுவது. அந்தப் பந்து மெதுவாகத்தான் வரும். அது வந்து சேருவதற்குள், எதிர்ப்பக்கத்து ஃபார்வர்டு தன் ஆளை விட்டுவிட்டு பிவட்டுக்குப் பின்னால் வந்துவிட வேண்டும். அவன் வரவில்லையோ, கதை முடிந்தது. முன்னால் நிற்பவன் வாங்கும் பெயரெல்லாம் பின்னால் வருபவனால் வருவது. இதை இன்றைக்கும் பல அணிகள் பாதிதான் செய்கின்றன.

என் வேலை இன்னொன்று. கார்டாகிய நான், பந்து வைத்திருப்பவன் முகத்துக்கு நேரே கையை ஆட்டி, அவன் நிதானமாகப் பார்த்துத் தூக்கிப் போட முடியாமல் செய்ய வேண்டும். நாங்கள் பந்து எடுத்து ஆடும்போது எங்கள் பிவட் ரிங்கடிக்கே போகக் கூடாது. ஃப்ரீ த்ரோ கோட்டருகே வந்து நிற்க வேண்டும். நெட்டையர் கூடவே வெளியே வந்தால் ரிங்கடி காலி. வராவிட்டால் அவன் அங்கிருந்தே எறிவான். இன்றைக்குப் போல தூரத்திலிருந்து எறிந்தால் மூன்று புள்ளி என்பதெல்லாம் அப்போது கிடையாது. உலக விதிகளில் அது 1984-இல்தான் வந்தது. எங்கள் குட்டை அணிக்கு அது ஏழு வருடம் தாமதம்!

புதுச்சத்திரம், பி.முட்லூர், வெள்ளாற்றுப் பாலம் என்று பஸ் போன வழியெல்லாம் இதையே மனப்பாடம் செய்துகொண்டு போனோம். முதல் பாதி நாங்கள் மூன்று புள்ளி முன்னால். என் தோழன் விலாவில் முழங்கை இடியாக வாங்கிக்கொண்டே முன்னால் நின்றான். ஆனால் முன்னால் நிற்பவன் ஃபவுலுக்கும் பக்கத்தில் நிற்பவன். ஐந்தாவது ஃபவுலில் அவன் வெளியே போனபோது இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. நான்கு புள்ளியில் தோற்றோம். ஸ்கோர் ஷீட்டைப் பார்த்த சார், "அந்த ஆளுக்கு ஒம்பதே பாயிண்டுடா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அடுத்த ஆண்டு அணித் தேர்வில் சுவரில் கோடு போட்டு உயரம் அளந்தார்கள். சார் அப்போது மாற்றலாகிப் போய்விட்டார். என் தோழன் பெயர் பட்டியலில் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. அவனுக்குப் போய்விட்டது என்கிறான்.

உயரம் ஒன்றுமில்லை என்று சொல்ல நான் வரவில்லை. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் நம் இந்திய அணி, 2.20 மீட்டர் தகாச்சென்கோ ஆடிய சோவியத் அணியின் பிரிவில் மாட்டிக்கொண்டது. ஆடிய எல்லா ஆட்டமும் தோல்விதான். ஆனால் 2002 பூசான் ஆசிய விளையாட்டில் ஏழடி ஆறங்குலம் யாவ் மிங் ஆடிய சீனாவை, கூடுதல் நேரத்தில் 102-க்கு 100 என்று தென்கொரியா வீழ்த்தியது. டி.வி. செய்தியில் அந்த ஸ்கோரைக் கேட்டவுடன் என் தோழனுக்குத்தான் முதலில் போன் போட்டேன்.

போன வருடம் ஒரு மாலை மைதானத்துப் பக்கம் போனேன். செம்மண் போய் சிமெண்ட் தரை வந்துவிட்டது. பெண்கள் அணி பயிற்சியில் இருந்தது. ஒரு சின்னப் பெண், தன்னைவிட ஒரு சாண் உயரமான பிவட்டுக்கு முன்னால் துணிச்சலாகப் போய் நின்றாள். பந்து தலைக்கு மேலே பறந்தது. பின்னால் ஒருவரும் இல்லை. கூடை!

வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. "பின்னாடி யாரும்மா வரணும்?" என்று கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சின்னப் பெண் மட்டும் எதிர்ப்பக்கத்து ஃபார்வர்டைப் பார்த்து முறைத்தாள்.