கடிதத்தில் பிறந்த பதவி: ஹட் ரிவரும் குறுநாட்டு அமைச்சுப் பொறுப்புகளின் தோற்றமும்

குறுநாடுகளைப் பற்றி இன்று எழுத வருபவர் எவரும் ஹாரி ஹாப்ஸ், ஜார்ஜ் வில்லியம்ஸ் என்னும் இரு ஆஸ்திரேலியச் சட்ட அறிஞர்களின் வரையறையைக் கடந்துதான் போகவேண்டும். தம்மைத் தாமே நாடென அறிவித்துக்கொண்டவை, இறையாண்மைச் செயல்களை நிகழ்த்தியும் போலச்செய்தும் இயங்குபவை, நாடுகளின் நடைமுறைகள் பலவற்றைக் கைக்கொள்பவை, ஆனால் உள்நாட்டுச் சட்டத்திலும் பன்னாட்டுச் சட்டத்திலும் அடித்தளம் அற்றவை என்பது அவர்கள் தரும் வரையறையின் சாரம். இதன் பிற்பகுதியோடு எனக்குப் பிணக்கு எதுவும் இல்லை. சட்ட அடித்தளம் இருந்திருந்தால் இவை குறுநாடுகளாக நின்றிருக்கமாட்டா. சிக்கல் முற்பகுதியில் இருக்கிறது. போலச்செய்தல் என்றால் முன்னால் ஒரு மூலம் இருக்கவேண்டும். அதைப் பார்த்து ஒரு நகல் எழவேண்டும். இந்த விளக்கத்தைக் குறுநாட்டு அமைச்சரவைகளுக்குப் பொருத்தினால், லண்டனிலோ கான்பெராவிலோ ஓர் அமைச்சரவை இருக்கிறது, அதைப் பார்த்துப் பண்ணையிலோ கடல்மேடையிலோ இன்னொன்றை அமைத்துக்கொண்டார்கள் என்ற முடிவுக்குத்தான் வந்து சேரவேண்டும். அமைச்சுப் பொறுப்புகள் உருவான வரிசையைப் பார்த்தால் இந்த முடிவு நிற்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அவர்களுடைய வாசிப்பின் வலிமையைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. கடவுச்சீட்டு, அஞ்சல்தலை, நாணயம், கொடி, வீரப்பட்டம் ஆகியவற்றைப் பொறுத்தவரை அது நன்றாகவே பொருந்துகிறது. அஞ்சல்தலை அச்சிடுபவர் இன்னொரு நாட்டின் அஞ்சல்தலையைப் பார்த்துத்தான் அச்சிடுகிறார். தனித்தனிச் சம்பவங்களாகவும் விசித்திர மனிதர்களின் கதைகளாகவும் பேசப்பட்டுவந்த ஒரு பொருளைச் சட்ட ஆய்வுக்கு உரியதாக ஆக்கியதில் அவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் பதவி என்பது அஞ்சல்தலையைப் போன்ற பொருள் அன்று. பதவிக்கு எதிர்ப்பக்கம் ஒன்று வேண்டும்: அதை வகிப்பவரிடம் மனுக் கொடுப்பவர், அவருக்குக் கடிதம் எழுதுபவர், அவர் கையொப்பத்தை ஏற்பவர் அல்லது மறுப்பவர். நகல் என்ற விளக்கம் இந்த எதிர்ப்பக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. நகல் எடுப்பவர் மூலத்தில் உயர்ந்திருப்பதைத்தான் முதலில் எடுப்பார்; மன்னர், குடியரசுத் தலைவர், பிரதமர், நிதியமைச்சர் என்று மேலிருந்து கீழாக வரிசை அமையும். கிடைக்கும் சான்றுகளில் அந்த வரிசை இல்லை.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹட் ரிவரை எடுத்துக்கொள்வோம். பெர்த்துக்கு வடக்கே 517 கிலோமீட்டரில், ஏறத்தாழ 75 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்த பண்ணை நிலம் அது. லெனர்ட் கேஸ்லி அங்கே சுமார் 4,000 ஹெக்டேரில் கோதுமையை அறுவடைக்கு ஆயத்தமாக வைத்திருந்தபோது, வெறும் 1,647 புஷல் விற்கலாம் என்று கோட்டா வந்தது. மாநில ஆளுநர் டக்ளஸ் கெண்ட்ரூவிடம் முறையிட்டும் பயன் இல்லை. இழப்பீடு கோரியதைத் தொடர்ந்து, நிலத்தைக் கையகப்படுத்த வழிசெய்யும் மசோதா சட்டமன்றத்துக்கு வந்தது. 1970 ஏப்ரல் 21 அன்று பிரிவினை அறிவிக்கப்பட்டது. அப்போதும் கேஸ்லி எலிசபெத் அரசிக்குத் தாம் விசுவாசமானவர் என்றே சொன்னார். அவருடைய சண்டை கோட்டாவோடும் அதை விதித்த அரசோடும்தான். இந்த வரலாறு பலராலும் எழுதப்பட்டதே. நான் நின்று பார்க்க விரும்புவது அதற்குப் பின் நடந்த ஒரு கடிதப் போக்குவரத்தை.

தலைமை ஆளுநர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் ஒன்று கேஸ்லியை 'ஹட் ரிவர் மாகாணத்தின் நிர்வாகி' என்று விளித்தது. எழுத்தர் ஒருவரின் கவனப்பிசகு என்றே பெரும்பாலோர் இதைக் கொள்கின்றனர். நானும் அப்படித்தான் கருதுகிறேன். கேஸ்லியோ, முடியாட்சியின் தனியுரிமையைப் பெற்ற அலுவலகத்தின் கடிதம் ஆகையால் இது தம்மைக் கட்டுப்படுத்துவதைப் போலவே அரசையும் கட்டுப்படுத்தும் அங்கீகாரம் என்று வாதிட்டார். அந்த வாதம் சட்டப்படி செல்லுமா என்பது இங்கே நம் கேள்வி இல்லை. கவனிக்கவேண்டியது அந்தப் பதவியின் தரம். ஆஸ்திரேலிய ஆட்சிமுறையில் நிர்வாகி என்பது நிஜமாகவே இருக்கும் பொறுப்பு. வட ஆட்சிப்பகுதிக்கு ஒரு நிர்வாகி உண்டு. நார்ஃபோக் தீவுக்கு அன்று ஒருவர் இருந்தார். மாநில ஆளுநர் இல்லாத நாள்களில் அவர் இடத்தில் இருந்து செயல்படுபவருக்கும் அதே பெயர்தான். முடியாட்சிக்குக் கீழ்ப்பட்ட, மேலிருந்து நியமிக்கப்படும் பதவி அது. இறையாண்மையைப் போலச்செய்யப் புறப்பட்ட ஒருவர் இத்தனை பதவிகள் இருக்க இந்தக் கீழ்ப்படியில் நிற்பானேன்? முடியாட்சியின் கடிதத்தில் அவரை நோக்கி வந்த பதவி அது ஒன்றுதான் என்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒரு தடை எழும். அந்தப் பெயரைக் கேஸ்லியே முதலில் தம் கடிதங்களில் இட்டுக்கொண்டிருக்கலாம். அலுவலகம் அனுப்பியவர் பெயரை அப்படியே திருப்பி எழுதியிருக்கலாம். அரசு அலுவலகங்களில் அன்றாடம் நடப்பதுதான் இது. இதை நான் மறுக்கவில்லை; அப்படித்தான் நடந்திருக்கக்கூடும் என்றுகூட நினைக்கிறேன். ஆனால் அப்படி நடந்திருந்தால் என் வாதம் தளர்வதற்குப் பதிலாக இறுகுகிறது. தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தபோதும் கேஸ்லி மன்னர் என்றோ குடியரசுத் தலைவர் என்றோ எழுதவில்லை. அப்படி எழுதியிருந்தால் பதில் வந்திருக்காது, வந்தாலும் அந்தப் பெயரோடு வந்திருக்காது. பதில் வரக்கூடிய பெயரை அவர் தேர்ந்தார். தாமாக இட்ட பெயர் மறுமுனையிலிருந்து திரும்பி வந்த கணத்தில்தான் அது பதவி ஆயிற்று. எந்த வழியில் பார்த்தாலும் பதவியை உருவாக்கியது கடிதப் போக்குவரத்தே; எங்கோ இருந்த ஓர் அமைச்சரவையின் மாதிரி இல்லை.

அடுத்த கட்டம் இளவரசர் பட்டம். அதை எந்த ஆண்டில் சூடினார் என்பதில் விவரிப்புகள் ஒத்துப்போகவில்லை. பிரதமர் வில்லியம் மக்மேன் அரசு வழக்குத் தொடுப்பதாக எச்சரித்த பிறகே என்பது ஏற்கப்பட்டால், அது 1971 மார்ச்சுக்கும் 1972 டிசம்பருக்கும் இடையில் விழவேண்டும். அதற்குமேல் குறுக்க நான் முற்படவில்லை. இந்தப் பட்டத்துக்குக் கேஸ்லி காட்டிய ஆதாரம் இங்கிலாந்தின் 1495ஆம் ஆண்டு அரசத்துரோகச் சட்டம். இதை எழுதுவோர், மன்னராகத் தம்மை அறிவித்துக்கொண்டவரை அந்தச் சட்டம் காக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். சட்டத்தின் நோக்கம் வேறு. பாஸ்வர்த் போரில் வென்று அரியணை ஏறிய ஏழாம் ஹென்றி, தமக்கு எதிராக உரிமை கோருவோர் தலைதூக்கிய காலத்தில் இயற்றியது அது. அப்போதைக்கு ஆட்சியில் இருக்கும் மன்னருக்காகப் போரில் தொண்டு செய்தவர்களை, பின்னால் வேறொருவர் அரியணை ஏறினாலும் துரோகிகளாகத் தண்டிக்கக்கூடாது என்பதே அதன் உள்ளடக்கம். பாதுகாப்பு மன்னரைவிட மன்னரின் பணியாளருக்கே கிடைக்கிறது.

இந்த இடத்தில் என்னிடம் உள்ள சான்று மெலிந்தது என்பதை அறிந்தே மேலே செல்கிறேன். ஹட் ரிவரின் பொறுப்புகள் கேஸ்லியின் குடும்பத்தாரிடம் இருந்தன. மூத்த மகன் இயன் பிரதமராக விளங்கினார். இதைக் குடும்பப் பெருமை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் 1495ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கேஸ்லி கையாண்ட முறையில் வைத்துப் பார்த்தால், நிலத்தில் அவரோடு நின்றவர்களுக்குப் பணியாளர் என்ற தகுதி தேவைப்பட்டது. பதவி இல்லாத மகன் கோட்டா மீறிய பண்ணைக்காரரின் கூட்டாளி. பதவி பெற்ற மகன், நடைமுறையில் ஆளும் ஓர் அரசரின் சேவகர். நீதிமன்றம் இந்த வேறுபாட்டை ஏற்றிருக்காது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு பதவி எதற்காக உருவாக்கப்பட்டது என்பதை அது நீதிமன்றத்தில் நின்றதா என்பதை வைத்து முடிவுகட்ட முடியாது. 1977 டிசம்பரில் ஹட் ரிவர் ஆஸ்திரேலியாமீது போர் அறிவித்து, சில நாள்களில் முடித்துக்கொண்டதையும் இந்தச் சட்டத்தின் போர்த்தொண்டு விதியோடு சேர்த்துக் காட்டும் ஆசை எழுகிறது. நான் அதைச் செய்யப்போவதில்லை. போருக்குக் கேஸ்லி தரப்பு காட்டிய காரணங்கள் ஜெனீவா உடன்படிக்கைகளை ஒட்டியவை. இரண்டையும் முடிச்சுப்போட ஆதாரம் இல்லை.

வெளியிலிருந்து வரும் அழுத்தம் அதே இடத்தில் ஒரு பொறுப்பை விளைவிக்கிறது என்பதற்கு அஞ்சல் இன்னொரு சான்று. 1976இல் ஆஸ்திரேலிய அஞ்சல்துறை ஹட் ரிவர் தபாலைக் கையாள மறுத்தது; தபால் கனடா வழியாகத் திருப்பிவிடப்பட்டது. அஞ்சல்தலை நகலாக இருந்திருக்கலாம். ஆனால் மறுப்பு வந்தபின் தபாலுக்கு மாற்றுவழி தேடவேண்டிய வேலை நகல் இல்லை.

வட கடலின் சீலாந்து இதே கோணத்தில் பார்க்க வேண்டியது. இரண்டாம் உலகப்போரில் சஃபோக் கடற்கரைக்கு அப்பால் நிறுத்தப்பட்ட ரஃப்ஸ் கோபுரத்தை ராய் பேட்ஸ் 1967 செப்டம்பர் 2 அன்று தனி நாடாக அறிவித்தார். 1968இல் செம்ஸ்ஃபோர்ட் நீதிமன்றம், அன்றைய மூன்று கடல்மைல் எல்லைக்கு வெளியே நடந்த துப்பாக்கிச்சூட்டு வழக்கில் தனக்கு அதிகாரம் இல்லை என்றது. அந்த நாள்களில் அங்கே இளவரசரும் குடும்பமுமே. அரசமைப்பு 1970களின் நடுவில்தான் வருகிறது. பிரதமர் என்ற பெயரோடு வரலாற்றில் இடம்பெறும் அலெக்சாண்டர் ஆக்கன்பாக் ஒரு ஜெர்மானியர். கோபுரத்துக்கு வெளியே இருந்த முதலீட்டு வட்டத்திலிருந்து வந்தவர். உள்ளே ஆள்வதற்கு இருந்தவர்கள் ஒரு கைப்பிடி. பிரதமர் தேவைப்பட்டது வெளியே கையொப்பமிட.

போலச்செய்தல் என்ற விளக்கம் முற்றிலும் தடுமாறும் இடம் 1978 ஆகஸ்ட். பேட்ஸ் இல்லாத வேளையில் ஆக்கன்பாக்கின் கூலிப்படை கோபுரத்தைப் பிடித்து மகன் மைக்கேலைச் சிறைவைத்தது. கோபுரம் மீட்கப்பட்டபின், சீலாந்துக் கடவுச்சீட்டு வைத்திருந்த ஜெர்மன் வழக்கறிஞர் ஒருவர் துரோகக் குற்றம் சாட்டப்பட்டுப் பிடித்துவைக்கப்பட்டார். அவரை விடுவிக்க லண்டனிலிருந்த ஜெர்மன் தூதரகம் தன் அதிகாரி ஒருவரை அனுப்பியது. தோற்ற ஆக்கன்பாக் ஜெர்மனியில் நாடுகடந்த அரசு ஒன்றை நடத்தினார். 1989இல் உடல்நலம் காரணமாக அவர் விலகியபோது, பொருளாதார ஒத்துழைப்பு அமைச்சராக இருந்த யோஹானஸ் சைகர் பிரதமர் பொறுப்பை ஏற்றார். மேடையும் இளவரசரும் ஒருபுறம். பிரதமரும் அமைச்சரும் மறுபுறம். வெறும் நகலாக இருந்த பதவி, தன்னை உண்டாக்கியவருக்கு எதிராகத் திரும்பி, நிலமே இல்லாமல் பத்தாண்டுக்குமேல் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறியிருக்குமா? 1978 மே மாதத்தில் கொலோன் நிர்வாக நீதிமன்றம் சீலாந்து நாடு இல்லை என்று தீர்ப்பளித்திருந்தது. அதன்பின்னும் இந்தப் பதவிகள் ஓயவில்லை. ஏனெனில் அவற்றின் உயிர் சட்டத் தகுதியில் இல்லை, அவற்றோடு தொடர்பு வைத்துக்கொண்டவர்களிடம் இருந்தது.

எனக்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான சான்று லண்டனின் ஃபிரெஸ்டோனியா. 1977 அக்டோபரில் ஃபிரெஸ்டன் சாலைவாசிகள் சுமார் 120 பேர், பெருநகர மன்றம் தங்களை வெளியேற்ற முனைந்தபோது விடுதலை அறிவித்தனர். நடிகர் டேவிட் ராப்பபோர்ட் வெளியுறவு அமைச்சர். கல்வி அமைச்சருக்கு வயது இரண்டு. இது விளையாட்டான நகல்தானே என்று கேட்டால், கல்வியைப் பொறுத்தவரை ஆம் என்பேன். ஆனால் அதே அமைச்சரவையில் எந்தப் பொறுப்பு குழந்தையிடம் போயிற்று, எது வளர்ந்தவரிடம் நின்றது என்பதைக் கவனிக்கவேண்டும். குடியிருப்போர் அனைவரும் பிராம்லி என்ற ஒரே குடும்பப்பெயரை ஏற்றது, மன்றம் மாற்றிடம் தரநேர்ந்தால் எல்லோரையும் ஒரே குடும்பமாகக் குடிவைக்கவேண்டும் என்ற கணக்கில். ஐ.நா.வுக்கு விண்ணப்பம் போயிற்று. முடிவில் பிராம்லிகளின் வீட்டுவசதிக் கூட்டுறவு அமைந்தது. வெளியே பேசவேண்டிய பொறுப்புகள் வேலை செய்தன. எதிர்ப்பக்கம் இல்லாத பொறுப்பு அலங்காரமாக நின்றது. ஹாப்ஸும் வில்லியம்ஸும் சொல்வது இந்த இரண்டாம் வகைக்குப் பொருந்தும். அதை முதல் வகைக்கும் நீட்டுவதைத்தான் மறுக்கிறேன்.

என் வாதத்துக்கும் எல்லை உண்டு. ரிமினி கடலில் பொறியாளர் ஜார்ஜோ ரோசா எழுப்பி 1968இல் அறிவித்த ரோஜாத் தீவு, தொடக்கத்திலேயே துறைவாரியான அரசு ஒன்றை வகுத்துக்கொண்டது. அங்கே அழுத்தத்துக்கு முன்பே வரைபடம் இருந்தது. ஆகவே எல்லாக் குறுநாடுகளுக்கும் பொதுவிதி கூற நான் முற்படவில்லை. விளிப்பும் முன்தீர்ப்பும் பழைய சட்டமும் உரிமைகளைப் பிறப்பிக்கும் என்று நம்பப்படும் ஆங்கிலப் பொதுச்சட்ட மரபுக்குள் மட்டுமே இந்த விளக்கத்தை முன்வைக்கிறேன்.

அந்த மரபுக்குள்ளும் ஹட் ரிவரின் முடிவு ஒன்றைச் சொல்கிறது. 2017இல் மேற்கு ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றம் கேஸ்லியின் வாதங்களைத் தள்ளி வரிப்பாக்கியைக் கட்ட உத்தரவிட்டது. 2019இல் அவர் இறந்தார். 2020 ஆகஸ்டில் மகன் கிரேம் காலத்தில் குறுநாடு கலைக்கப்பட்டது. வரித்துறை கேஸ்லியைப் பதவியின் பெயரால் அணுகவே இல்லை. வரி செலுத்தவேண்டிய குடிமகனாக மட்டுமே அணுகியது. எதிர்ப்பக்கம் பதவியை ஏற்க மறுத்தபோது, அரை நூற்றாண்டு நின்ற அமைச்சரவையால் அந்தக் கோரிக்கைக்குப் பதில் சொல்ல முடியவில்லை. ஆகவே குறுநாட்டு அமைச்சரவைகளை ஆராய்வோர் அவற்றின் அமைப்பு வரைபடங்களைவிட அவற்றுக்கு வந்த கடிதங்களையும், அவற்றில் உள்ள விளிப்புகளையும், தேதிகளையும் முதலில் தேடவேண்டும். இளவரசர் பட்டத்துக்கு முன்பே கேஸ்லியின் மகன்கள் அமைச்சுப் பொறுப்பு வகித்ததாகத் தேதியோடு ஓர் ஆவணம் வெளிவந்தால், 1495ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி மேலே நான் சொன்னது விழுந்துவிடும். நிர்வாகி என்ற பதவியைப் பற்றிச் சொன்னது அப்போதும் நிற்கும்.