மன்னித்த இருவர்: ஏசாவும் யோசேப்பும்

ஆதியாகமத்தில் அண்ணன் தம்பிப் பகை தலைமுறைதோறும் தொடர்கிறது. வஞ்சிக்கப்பட்டவர்களில் இருவர், பழிதீர்க்கும் வாய்ப்பு கைக்கு எட்டியபோது அதை விட்டுவிடுகிறார்கள். ஒருவன் ஏசா; மற்றவன் அவனுடைய தம்பி மகன் யோசேப்பு. யோசேப்பின் மன்னிப்பைப் போற்றாத பிரசங்கியார் இல்லை. ஏசாவோ பயற்றங்கூழுக்குச் சேஷ்டபுத்திரபாகத்தை விற்ற மூடனாகவே நினைவில் நிற்கிறான். அது அநியாயம்.

இரண்டு வஞ்சனைகளிலும் வெள்ளாடு வருகிறது. கைகளிலும் கழுத்திலும் வெள்ளாட்டுக்குட்டித் தோலைப் போர்த்துக்கொண்டுதான், கண் மங்கிய தகப்பன் ஈசாக்கிடம் ஏசாவுக்குரிய ஆசீர்வாதத்தைத் தம்பி யாக்கோபு பறித்தான். பின்னாளில் அவனுடைய பிள்ளைகள் யோசேப்பை 20 வெள்ளிக்காசுக்கு விற்றுவிட்டு, வெள்ளாட்டு இரத்தத்தில் தோய்த்த அங்கியை அவன் முன்னாலேயே கொண்டுவந்து நீட்டினார்கள். தகப்பனை ஏமாற்றியவன் தகப்பனாகி ஏமாந்தான்.

இரு கதைகளிலும் சுமார் 20 ஆண்டுகள் கழித்தே சகோதரர்கள் மறுபடி சந்திக்கிறார்கள்.

யோசேப்பு அப்போது எகிப்தின் அதிபதி. தானியம் வாங்க வந்த அண்ணன்மாருக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. அவன் சொல்லவுமில்லை. ஒற்றர்கள் என்று குற்றஞ்சாட்டி மூன்று நாள் காவலில் வைத்தான். அவர்களில் சிமியோனைப் பிணையாகப் பிடித்துக்கொண்டான். அடுத்த முறை தம்பி பென்யமீனின் சாக்கில் தன் வெள்ளிக் கோப்பையை ஒளித்து வைக்கச் செய்தான். இளையவனுக்குப் பதிலாக என்னை அடிமையாக்கும் என்று யூதா மன்றாடிய பிறகே யோசேப்பு உடைந்து அழுதான். அன்று அவனை விற்கலாம் என்று யோசனை சொன்னவனே இந்த யூதா. அண்ணன்மார் மாறிவிட்டார்கள் என்று உறுதியான பின்பே மன்னிப்பு வந்தது. பலருடைய உயிரைக் காக்கக் கடவுளே தன்னை முன்னதாக அனுப்பினார் என்று விளக்கமும் கொடுத்தான். பெரிய விசுவாசம்தான். பட்ட துன்பத்துக்கு ஒரு பொருள் கிடைத்துவிட்டால் மன்னிப்பது சற்று எளிதாகவும் ஆகிறது.

ஏசாவுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. கடவுள் தாய் ரெபெக்காளோடு பேசினார், யாக்கோபோடு பேசினார். ஏசாவோடு பேசியதாக ஓரிடத்திலும் இல்லை. போன ஆசீர்வாதம் போனதுதான். 400 ஆட்களோடு அவன் எதிர்கொண்டு வருகிறான் என்றதும், ஊர் திரும்பிக்கொண்டிருந்த யாக்கோபு நடுங்கிப்போய், ஆடு, ஒட்டகம், மாடு, கழுதை என்று 550-க்கும் மேற்பட்ட உருப்படிகளை மந்தை மந்தையாக முன்னே அனுப்பினான். அன்றிரவு யாப்போக்கு ஆற்றங்கரையில் ஒருவரோடு விடியும்வரை போராடினான். காலையில் நொண்டிக்கொண்டே போய், ஏழு முறை தரையில் விழுந்து வணங்கினான். ஏசா பழைய வஞ்சனையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஓடிவந்து கட்டிப்பிடித்து, முத்தமிட்டு அழுதான். எனக்கு வேண்டியது இருக்கிறது, உன்னுடையதை நீயே வைத்துக்கொள் என்றான். யாக்கோபு வற்புறுத்திய பிறகே காணிக்கையை வாங்கினான். இவ்வளவுக்குப் பிறகும் அந்த முத்தம் மனதாரத் தந்ததுதானா என்று பழைய யூத உரையாசிரியர்களில் சிலர் சந்தேகப்பட்டார்கள்.

யாக்கோபும் முழுதாக நம்பவில்லை. ஏசா குடியிருந்த சேயீருக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு சுக்கோத்துக்குப் போனான். தம்பியின் முகத்தைப் பார்க்க ஏசாவுக்கு எந்த நிபந்தனையும் வேண்டியிருக்கவில்லை. நம்பத் தெரியாதது யாக்கோபின் குறை.

தகப்பனுக்குத் துக்கம் கொண்டாடும் நாள் வரட்டும், தம்பியைக் கொன்றுபோடுவேன் என்று ஒரு காலத்தில் கறுவியவன் ஏசா. ஈசாக்கு 180 வயதில் இறந்தபோது அண்ணனும் தம்பியும் சேர்ந்தே அவரை அடக்கம் செய்தார்கள். எகிப்தில் யாக்கோபு கண்மூடியபோது நடந்தது வேறு. 17 ஆண்டுகள் யோசேப்பின் ஆதரவிலேயே வாழ்ந்திருந்தும், இனிப் பழிவாங்குவானோ என்று அண்ணன்மார் நடுங்கி, ஆளனுப்பி மன்னிப்புக் கேட்டார்கள். யோசேப்பு அதைக் கேட்டு அழுதான். அவர்களுடைய பயத்துக்குக் குற்றவுணர்வு ஒரு காரணம். சாக்குக்குள்ளிருந்து கோப்பையை எடுத்த அந்த நாளை அவர்கள் மறந்திருக்க முடியாது என்பது இன்னொரு காரணம்.