கலைப்பாடம் படித்து பேராசிரியர் ஆக முடியுமா? கேஜிஎஃப்பில் இருந்து ஒரு கணக்கு

மாரிகுப்பத்தில் காலையிலேயே ரயில் ஏறி, பங்காரப்பேட்டை வழியாக பெங்களூரு போய், இருட்டிய பிறகு வீடு திரும்பும் ஆயிரக்கணக்கானவர்களில் நீங்களும் ஒருவரா? 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்ட் மைன்ஸ் நிறுவனம் மூடப்பட்ட பிறகு, கோலார் தங்கவயலின் பிழைப்பு பெரும்பாலும் அந்தத் தண்டவாளத்தை நம்பித்தான் இருக்கிறது.

அப்படி வேலைக்குப் போய்க்கொண்டே ஹிஸ்டரியிலோ தமிழிலோ எம்.ஏ. முடித்து, "காலேஜ்ல பாடம் எடுக்கணும்" என்று வீட்டில் சொன்னால் முதல் கேள்வி இதுதான்: "அதுக்கு எவ்ளோ சம்பளம் வரும்?" நியாயமான கேள்வி. அதிலிருந்தே ஆரம்பிப்போம்.

சம்பளமும் தகுதியும்

7வது ஊதியக்குழுவை ஒட்டிய யுஜிசி அளவுகோலில், நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் மாதம் 57,700 ரூபாய். படிகள் தனி. சிக்கல் 'நிரந்தர' என்ற சொல்லில் இருக்கிறது. கௌரவ விரிவுரையாளர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று யுஜிசி 2019இல் சொன்னது. பல இடங்களில் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. ஐடி வேலையை விட்டுவிட்டு இதில் இறங்குகிறவர்கள் இந்த இரண்டாவது கணக்கைத்தான் முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

தகுதி விஷயத்தில் விதி நடுவில் மாறியது. பல்கலைக்கழகத்தில் சேர பிஎச்.டி. கட்டாயம் என்று 2018 விதிகள் சொன்னதை 2023 ஜூலையில் யுஜிசி தளர்த்தியது. முதுகலையில் 55 சதவீத மதிப்பெண், கூடவே நெட், செட், ஸ்லெட் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் தேர்ச்சி இருந்தால் விண்ணப்பிக்கலாம். எஸ்சி, எஸ்டி உள்ளிட்ட பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. 2025 ஜனவரியில் புதிய வரைவு விதிகளும் வெளியாகின. அதனால் விண்ணப்பிக்கும் நாளில் எந்த விதி நடப்பில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நெட் தேர்வு 3 மணி நேரம். முதல் தாளில் 50 கேள்விகள், இரண்டாவதில் 100. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. ஜேஆர்எஃப் கிடைத்தால் முதல் 2 ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய ஒருவர் பிஎச்.டி. பண்ண முடியுமா, முடியாதா என்பதைப் பல நேரம் தீர்மானிப்பது இந்தத் தொகைதான். மொழிப் பாடங்கள் தவிர மற்றவற்றின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. வரலாற்றைத் தமிழில் யோசிக்கிறவருக்கு இது கூடுதல் சுமை. இதை யாரும் பெரிதாகப் பேசுவதும் இல்லை.

எல்லைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

கேஜிஎஃப் தமிழர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 2002 ஜூனுக்குப் பிறகு நடந்த செட் தேர்வில் தேர்ச்சி பெற்றால், அது அந்தந்த மாநிலத்துக்கு மட்டுமே செல்லும். கே-செட் எழுதியவர் அதை வைத்து வேலூரிலோ சென்னையிலோ விண்ணப்பிக்க முடியாது. நெட் நாடு முழுக்கச் செல்லும்.

சாதிச் சான்றிதழும் அப்படித்தான். உங்கள் முன்னோர் வட ஆற்காட்டில் இருந்து சுரங்க வேலைக்கு வந்து நான்கைந்து தலைமுறை ஆகியிருக்கலாம். கர்நாடகத்தில் பெற்ற எஸ்சி சான்றிதழ் கர்நாடகப் பணிகளிலும் மத்திய அரசுப் பணிகளிலும் இட ஒதுக்கீடு தரும். தமிழ்நாட்டு அரசுப் பணிக்குப் போனால் நீங்கள் பொதுப்பிரிவு. இன்னொரு பக்கம், கர்நாடக அரசுப் பணிக்குப் போக கன்னடம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். பேசினால் மட்டும் போதாது. இரண்டு மாநிலமும் 'நம்ம ஊர்' என்று நினைத்து வளர்ந்தவர்களுக்கு இந்த விதிகள் கொஞ்சம் வலிக்கும். ஆனால் முன்கூட்டியே தெரிந்தால் எந்தத் தேர்வுக்குத் தயாராவது என்று முடிவெடுக்கலாம்.

லேர்னிங் டெவலப்மென்ட் என்றால் என்ன?

பாடம் நடத்துவது தவிர இன்னொரு வேலையும் இருக்கிறது. பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் 'லேர்னிங் டெவலப்பர்' என்றே தனிப் பதவி உண்டு. கட்டுரை எழுதுவது, ஆய்வு நூலைப் படிப்பது, வாதத்தைக் கட்டுவது ஆகியவற்றில் மாணவரோடு உட்கார்ந்து வேலை செய்கிறவர் இவர். கலைப்பாடம் படித்தவர்கள் இந்த வேலைக்கு நிறையப் பேர் போகிறார்கள்.

"இங்கிலீஷ் டியூஷன்தானே?" என்று கேட்டால், இல்லை. 1970இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் பள்ளி முடித்த நகரத்து மாணவர்கள் எல்லோருக்கும் கதவைத் திறந்தது. அங்கே கற்பித்த மினா ஷாக்னஸி, புதிய மாணவர்களின் சுமார் 4,000 கட்டுரைகளைப் படித்து 1977இல் ஒரு நூல் எழுதினார். பிழைகள் சோம்பலால் வருவதில்லை, அவற்றுக்குள் ஒரு தர்க்கம் இருக்கிறது என்பது அவர் கண்டது.

நம் உதாரணத்தையே எடுங்கள். 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதுகிறோம். 'அதைப் பற்றிப் பேசு' என்பதில் உள்ள 'பற்றி' ஆங்கிலத்துக்குள் நுழைந்துவிடுகிறது. 'தி' விட்டுப்போவது, தமிழில் அப்படி ஒரு சொல்லே இல்லாததால். சிவப்பு மையில் சுழித்துக் கொடுத்தால் மாணவருக்குக் கூச்சம்தான் மிஞ்சும். எங்கிருந்து வந்தது என்று காட்டினால் அடுத்த முறை அவரே பிடித்துவிடுவார்.

1998இல் மேரி லீயும் பிரையன் ஸ்ட்ரீட்டும் எழுதிய ஆய்வுக் கட்டுரை இன்னும் ஒரு படி மேலே போனது. எது நல்ல எழுத்து என்பது துறைக்குத் துறை மாறும், பல ஆசிரியர்களே அதை விளக்கிச் சொல்வதில்லை என்றது. 'விமர்சனபூர்வமாக ஆராய்க' என்று கேள்வி வந்தால், நோட்ஸை மனப்பாடம் செய்து வளர்ந்த மாணவர் சுருக்கம் எழுதி வைப்பார். அவருக்குத் தெரியாதது பாடம் இல்லை. அந்தக் கேள்வி என்ன கேட்கிறது என்பது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பாடப்புத்தகத்தில் ஆங்கிலம் என்று வளர்ந்த ஒரு கேஜிஎஃப் மாணவரிடம் இதை எடுத்துச் சொல்ல, அதே வழியில் வந்த ஒருவரால் எளிதாக முடியும்.

இந்தியாவில் நிலைமை அவ்வளவு சுகமில்லை. அசோகா போன்ற சில தனியார் பல்கலைக்கழகங்களில் எழுத்துப் பயிற்சி மையங்கள் இயங்குகின்றன. ஆனால் யுஜிசி விதிகள் பேசுவது ஆசிரியர், நூலகர், உடற்கல்வி ஆகிய பதவிகளைப் பற்றித்தான். கற்றல் மேம்பாட்டுக்கு என்று தனிப் பதவி வரிசையே கிடையாது. ஆகவே அரசுக் கல்லூரியில் இதைச் செய்கிறவர் தன் வகுப்பு நேரம் போக, பதவி உயர்வில் கணக்கில் வராத வேலையாகத்தான் செய்கிறார்.

ஆய்வுக்கு என்ன தலைப்பு?

1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோ பதிவான செய்தியை இயற்பியல் உலகம் மறக்கவில்லை. கலைப்புலம்தான் இந்த ஊரைக் கொஞ்சம் மெதுவாகக் கவனிக்கிறது.

இருந்தாலும் அடித்தளம் இருக்கிறது. ஜானகி நாயர் 1998இல் வெளியிட்ட 'மைனர்ஸ் அண்ட் மில்ஹேண்ட்ஸ்' மைசூர் சமஸ்தானத்துத் தொழிலாளர்களைப் பற்றியது. கைரேகைப் பதிவை எதிர்த்து 1930இல் இங்கே நடந்த வேலைநிறுத்தம் அந்த வரலாற்றின் முக்கியப் பகுதி. அயோத்திதாசரின் பௌத்த இயக்கத்துக்குத் தங்கவயல் ஒரு வலுவான மையம். அவருடைய நூல்களை இங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை வெளியிட்டது. ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் 1999இல் பாளையங்கோட்டையில் வெளிவந்த பிறகு, தமிழ் ஆய்வுலகம் அவரைப் புதிதாகப் படிக்க ஆரம்பித்தது.

எழுதப்படாதது இன்னும் நிறைய. சுரங்கம் மூடியபோது 30 வயதில் இருந்தவருக்கு இப்போது 55 தாண்டிவிட்டது. அவருக்கு மூத்தவர்கள் பலர் இன்று இல்லை. ஷிஃப்ட் நேரம், லைன் வீட்டு வாழ்க்கை, மூடிய பிறகு பிள்ளைகளை எப்படிப் படிக்க வைத்தார்கள் என்பதெல்லாம் அவர்கள் நினைவில்தான் இருக்கிறது. பிஎச்.டி. சேரும்வரை காத்திருக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை, அனுமதி கேட்டு, செல்போனில் பதிவு செய்யுங்கள். பேசியவரின் சம்மதம், தேதி, இடம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாளை உங்கள் கைடு முதலில் கேட்கப்போவது அந்த நோட்டைத்தான்.