தோல்வியை நாடிய ஆட்டங்கள்

களத்தில் இறங்குவோர் அனைவரும் வெற்றியையே நாடுவர் என்று நாம் எண்ணுகிறோம். ஆயினும், தோல்வியைத் தேடிச் சென்றவர்களும் விளையாட்டின் வரலாற்றில் உளர். அவர்கள் பணத்துக்கு விலைபோனவர்கள் அல்லர். கோப்பையை வெல்வதற்காகவே ஓர் ஆட்டத்தைத் தோற்க முனைந்தவர்கள்.

1998 ஆகஸ்டு 31 அன்று வியத்நாமின் ஹோசிமின் நகரில், டைகர் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் தாய்லாந்தும் இந்தோனேசியாவும் எதிர்ப்பட்டன. இரண்டுமே அரையிறுதிக்குத் தகுதி பெற்றுவிட்டன. வெல்லும் அணி ஹனாய் நகருக்குச் சென்று வியத்நாமை அதன் சொந்த மண்ணில் சந்திக்க வேண்டும். தோற்கும் அணிக்கோ சிங்கப்பூர்தான் எதிரி. இறுதி நேரத்தில் இந்தோனேசிய வீரர் ஒருவர் தம் வலைக்குள்ளேயே பந்தை உதைத்தார். இரு அணிகளுக்கும் அபராதம் விதிக்கப்பட்டது. அரையிறுதியில் இரண்டுமே தோற்றன. எளிய எதிரி என்று கருதப்பட்ட சிங்கப்பூரே கோப்பையை வென்றது!

2012 லண்டன் ஒலிம்பிக்கிலும் இக்கதை தொடர்ந்தது. தோற்றவர் உடனே வெளியேறும் பழைய முறைக்கு மாறாக, இறகுப்பந்தில் முதற்கட்டம் குழுக்களாக நடத்தப்பட்டது. ஜூலை 31 அன்று சீன இணை ஒன்று, தன் நாட்டின் மற்றோர் இணையை இறுதிக்கு முன்னர்ச் சந்திக்காதிருக்கத் தோற்க முயன்றது. தென்கொரியாவின் இரண்டு இணைகளும் இந்தோனேசிய இணையும் அவ்வாறே ஆடின. பந்து வேண்டுமென்றே வலையில் அடிக்கப்பட்டது. அரங்கினர் வெகுண்டு கூச்சலிட்டனர். மறுநாள் எட்டு வீராங்கனைகளும் போட்டியிலிருந்து நீக்கப்பட்டனர்.

அதே போட்டியில் நம் நாட்டின் ஜுவாலா குட்டாவும் அசுவினி பொன்னப்பாவும் ஒரே புள்ளி வேறுபாட்டில் காலிறுதியை இழந்தனர் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் உயிரைக் கொடுத்து ஆடுவோர் இருக்கும் களத்தில், புள்ளிகளை வீசி எறிவது அவர்களுக்கும் இழைக்கும் அநீதியன்றோ?

எனினும், குற்றம் முழுவதும் ஆடியவர்களுடையது அன்று. தோற்றவருக்கு நன்மை தரும் ஏற்பாடும் குற்றத்தில் பங்குடையது. இதை உணர்ந்தே, குழுவில் இரண்டாம் இடம் பெறும் இணைகளுக்கு எதிரியைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கும் விதி பின்னர் வகுக்கப்பட்டது. எதிரி யாரென்று அறியாதபோது, தோற்பதால் என்ன பயன்?

அன்று நீக்கப்பட்டவர்களுள் ஒருவர் இந்தோனேசியாவின் கிரேசியா பொலீ. அவர் 2021இல் டோக்கியோவில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். தண்டனையோடு ஒருவருடைய வாழ்வு முடிந்துவிடுவதில்லை. விதியைத் திருத்தலாம், மனிதரும் திருந்தி உயரலாம் என்பதே நாம் இதிலிருந்து பெறும் பாடமாகும்.